போனில் ஹை-ரெஸ் ஒலி: கோப்பில் தொடங்கிக் காது வரை, வரிசை தப்பாமல்

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஊருக்கு வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் கோடாலித் தைலம், சாக்லேட்டோடு, போனில் மாட்டி ஹெட்போனை இணைக்கும் டாங்கிள் என்ற சிறு கருவியையும் வாங்கிவந்து கொடுக்கிறார்கள். "ஐயா, இதப் போன்ல மாட்டிக் கேளுங்க, வீணை பக்கத்துல இருந்து வாசிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். ஐயாவும் மாட்டுகிறார், யூடியூபில் கச்சேரி போடுகிறார். முன்னே கேட்டதற்கும் இதற்கும் ஒன்றும் தெரியவில்லை. டாங்கிள் பெட்டியோடு பீரோவுக்குள் போய்விடுகிறது.

டாங்கிளில் குறையில்லை, வரிசைதான் தலைகீழ். பாட்டுக் கோப்பு, போனுக்குள் அது போகும் வழி, டாக் எனப்படும் ஒலிமாற்றி, ஹெட்போன் என்று நான்கு கண்ணிகள் இருக்கின்றன. எது மட்டமோ அதன் தரம்தான் காதுக்கு வரும். புதிதாக இறங்குபவர்கள் மூன்றாவது, நான்காவது கண்ணியில் காசைக் கொட்டிவிட்டு முதல் இரண்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கீழே உள்ள படிகளை வரிசையாகவே செய்யுங்கள். ஒன்று சரியானதைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால், பின்னால் எங்கே பிசகியது என்று தேடும் வேலை மிச்சம்.

1. எண்களை ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள்

சிடியின் ஒலி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இதற்கு மேலே போவதைத்தான் ஹை-ரெஸ் என்கிறோம். கைக்கு அதிகம் கிடைப்பவை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளும். சுருக்கமாக 24/96, 24/192.

சுருக்காத நிலையில் சிடி ஒலி விநாடிக்கு 1,411 கிலோபிட். 24/96 என்றால் 4,608. 24/192 என்றால் 9,216. இந்த மூன்று எண்களையும் நினைவில் வையுங்கள். ப்ளூடூத் பகுதியில் மறுபடி வேண்டியிருக்கும்.

ஃபிளாக் என்ற வடிவம் ஒரு பிட்கூட இழக்காமல் கோப்பைப் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருக்கும். அப்படிச் சுருக்கியபின் 5 நிமிட 24/96 பாட்டு சுமார் 100 எம்பி. முக்கால் மணி நேர ராகம் தானம் பல்லவி 900 எம்பியைத் தொடும். 128 ஜிபி மெமரி கார்டில் ஏறக்குறைய 100 மணி நேரம் அடங்கும்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சரிசெய்துகொள்வது நல்லது. 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 48 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலியைப் பதிய முடியும். மனிதக் காது கேட்பதோ 20 வரை. ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு 14ஐ எட்டினாலே பெரிய விஷயம். நன்றாகப் பதிந்த சிடிக்கும் ஹை-ரெஸுக்கும் உள்ள வித்தியாசம் நூலளவுதான். யூடியூபையும் பழைய எம்பி3யையும் விட்டு வெளியே வருவது முதல் பெரிய லாபம். நல்ல ஹெட்போன் இரண்டாவது. 24/192 என்ற எண் அதற்கெல்லாம் வெகு பின்னால் வருகிறது.

2. கோப்பு உண்மையானதா என்று பாருங்கள்

இதில் தவறினால் மற்ற எல்லாப் படியும் வீண். அதனால்தான் காசு செலவழிக்கும் முன் இது.

யூடியூப் எந்தத் தரத்தில் வைத்தாலும் இழப்புள்ள சுருக்கத்தில்தான் ஒலியைத் தருகிறது. படத்தின் தரத்தை 4கே என்று மாற்றினால் படம்தான் தெளிவாகும். 'யூடியூபிலிருந்து ஃபிளாக்' என்று இறக்கிக் கொடுக்கும் தளங்கள் செய்வது, பழைய சோற்றை வெள்ளித்தட்டில் போடும் வேலை.

நம்பகமான வழிகள் சில இருக்கின்றன. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணமில்லாமல் 24/192 வரை தருகிறது. பேண்ட்கேம்ப் தளத்தில் கலைஞர்கள் ஏற்றும் பதிவுகளை ஃபிளாக்காகவே வாங்கலாம். அவர்கள் 24 பிட்டில் ஏற்றியிருந்தால் 24 பிட்டிலேயே கிடைக்கும். வீட்டில் இருக்கும் கர்நாடக இசை சிடிக்களைக் கம்ப்யூட்டரில் எக்ஸாக்ட் ஆடியோ காபி என்ற மென்பொருளைக் கொண்டு ஃபிளாக்காக எடுத்துக்கொள்ளலாம். அது 16/44.1தான், ஹை-ரெஸ் ஆகாது. ஆனாலும் இணையத்தில் சுற்றும் போலி 24/96ஐவிட எவ்வளவோ மேல்.

போலியைக் கண்டுபிடிக்கக் காதை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். கம்ப்யூட்டரில் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளை நிறுவி, கோப்பை அதற்குள் இழுத்துப் போடுங்கள். கிடைமட்டத்தில் நேரமும் செங்குத்தில் அதிர்வெண்ணும் கொண்ட வண்ணப்படம் வரும். அதில் மேல்பக்கம் எங்கே கருப்பாகிறது என்று பாருங்கள்.

16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடு தெரிந்தால், அது 128 கிலோபிட் எம்பி3யாக இருந்து ஃபிளாக் சட்டை போட்டுக்கொண்டது. 24/96 என்ற பெயரில் வந்த கோப்பில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் சுவர் எழுப்பியதுபோல் நின்றால், சிடி ஒலியை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். உண்மையான பதிவில் நிறம் படிப்படியாக மங்கி மேலே போகும். கஞ்சிராவின் சலங்கையும் ஜால்ராவும் ஒலிக்கும் இடங்களில் கீற்றுக் கீற்றாக 30 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி நிற்பதையும் பார்க்கலாம். வாய்ப்பாட்டு மட்டும் உள்ள இடத்தில் மேலே ஒன்றும் தெரியாமல் போவது இயல்பு. அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

அறுபதாம் கல்யாணத்துக் கச்சேரி, நாதஸ்வரம் என்று பெரிய வீடுகளில் கேசட்டுகள் நிறைய இருக்கும். அவற்றை 24/96இல் பதிவது தவறில்லை. பிறகு இரைச்சலைக் குறைக்கும்போது 24 பிட் கைகொடுக்கும். ஆனால் வந்து சேர்வது கேசட்டின் ஒலிதான். டாங்கிளைச் சோதிக்க அந்தக் கோப்பை எடுக்காதீர்கள்.

சோதனைக்கு நார்வேயைச் சேர்ந்த டூஎல் என்ற பதிவு நிறுவனம் இலவச மாதிரிக் கோப்புகளைத் தருகிறது. மேற்கத்திய இசைதான், ஆனால் 24/96, 24/192 என்று வகைவகையாக இருக்கும். இரண்டு மூன்றை இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். 5ஆம் படியில் தேவைப்படும்.

கோப்பை வாட்ஸப்பில் அனுப்பும்போது டாகுமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். ஆடியோ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அது மாறிப் போக இடமுண்டு. கேபிள் வழியாகப் போனுக்கு மாற்றுவது எல்லாவற்றிலும் உத்தமம். மெமரி கார்டை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்; ஃபாட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது.

3. போனின் துளையும் ஓடிஜியும்

டைப்-சி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசியும் சட்டைப்பை நூலும் அடியில் கெட்டிப்பட்டிருக்கும். சார்ஜர் எப்படியோ வேலை செய்துவிடும், டாங்கிள் முழுதாக உள்ளே போகாமல் பாட்டு விட்டு விட்டு வரும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுங்கள். ஊசி வேண்டாம்.

தடித்த பின்கவர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு மாட்டிப் பாருங்கள். கவரின் துளை விளிம்பு இடித்து, டாங்கிளின் முனை அரை மில்லிமீட்டர் வெளியே நிற்பது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து ஓடிஜி, அதாவது யூஎஸ்பி கருவிகளைப் போனிலேயே நேராக மாட்டிப் பயன்படுத்தும் வசதி. ஒப்போ, ரியல்மி, ஒன்பிளஸ், விவோ போன்களில் பலவற்றில் ஓடிஜி இணைப்பை செட்டிங்ஸில் போய் நாமே இயக்க வேண்டும். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'ஓடிஜி' என்று அடித்தாலே அந்த ஸ்விட்ச் வந்துவிடும். ஒன்றையும் மாட்டாமல் 10 நிமிடம் விட்டால் அது தானே அணைந்துவிடும். "நேத்து வேலை செஞ்சுச்சு, இன்னைக்கு செய்யல" என்ற புகாரில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

4. டாக் வாங்குவது

கோப்பில் இருப்பது எண்கள். ஹெட்போனுக்குத் தேவை மின்னலை. முந்தையதைப் பிந்தையதாக மாற்றுவதுதான் டாக்கின் வேலை. போனுக்குள்ளும் ஒன்று இருக்கிறது, ஆனால் 3.5 மில்லிமீட்டர் துளையே இல்லாத போனில் ஹெட்போனுக்குப் பெரும்பாலும் அதனால் பயன் இல்லை. டாங்கிள் என்பது விரல் நீள டாக்கும் சிறு பெருக்கியும் சேர்ந்த ஒன்று.

காரைக்குடி செக்காலை ரோட்டில் எந்த மொபைல் கடையில் கேட்டாலும் 'டைப்-சி டு 3.5' என்று சில நூறு ரூபாய்க்கு ஒன்றை நீட்டுவார்கள். அவற்றில் இரண்டு சாதி உண்டு. உள்ளே டாக் சிப் உள்ளது ஒன்று. வெறும் கம்பி மட்டும் உள்ளது மற்றொன்று. கம்பி மட்டும் உள்ளது, டைப்-சி வழியாக அனலாக் ஒலியை வெளியே விடும் சில போன்களில்தான் பாடும், மற்றவற்றில் மௌனம். வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கடையிலேயே சோதிக்க வழி இருக்கிறது. 5ஆம் படியில் சொல்லும் செயலிகளில் ஒன்றை வீட்டிலேயே நிறுவிக்கொண்டு போங்கள். அதைத் திறந்து வைத்து அடாப்டரை மாட்டுங்கள். யூஎஸ்பி சாதனத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டுப் பெட்டி வந்தால் உள்ளே சிப் இருக்கிறது. போன் கண்டுகொள்ளவே இல்லையென்றால், முதலில் ஓடிஜி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு அடாப்டரைத் திருப்பிக் கொடுங்கள்.

ஆப்பிளின் டைப்-சி அடாப்டர் சிறியது, ஒலி சுத்தம். ஆனால் 24/48 வரைதான். தவிர ஆண்ட்ராய்டில் மாட்டினால் ஒலி மிகக் குறைவாக வரும் என்ற தொல்லை உண்டு. ஐபோனோடு மட்டும் பயன்படுத்துபவருக்கு அது போதும்.

அதற்கு மேலே ஃபியோ, ஐபாஸோ, மூன்ட்ராப் போன்றவர்களின் டாங்கிள்கள். பெட்டியில் 32/768 என்று பெரிய எண் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அந்த அளவில் கேட்கப் பாட்டே கிடையாது. பார்க்க வேண்டியவை மூன்று. சாம்பிள் ரேட்டை, அதாவது 44.1, 96, 192 என்ற அந்தக் கிலோஹெர்ட்ஸ் எண்ணைக் காட்டும் விளக்கு இருக்கிறதா. டாங்கிளிலேயே ஒலியளவுப் பொத்தான் இருக்கிறதா. உங்கள் ஹெட்போனை ஓட்டும் சக்தி இருக்கிறதா. சக்தி பற்றி 9இல் வருகிறது. விளக்கைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் பொய் சொல்லாத சாட்சி அது ஒன்றுதான்.

கேபிள் தனியாக உள்ள டாக் வாங்கினால், கூட வரும் கேபிளையே பயன்படுத்துங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் தரவுக் கம்பி இருக்காது. அப்படி ஒன்றை மாட்டிவிட்டு டாக் கெட்டுப்போனதாக நினைப்பவர்கள் உண்டு.

5. ஆண்ட்ராய்டின் கலவையைத் தாண்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஆண்ட்ராய்டில் பாட்டும், வாட்ஸப் மணியும், மேப்ஸின் குரலும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டியிருக்கிறது. அதனால் எல்லா ஒலியையும் ஒரு கலவைக்குள் கொட்டி, பெரும்பாலான போன்களில் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றி வெளியே விடுகிறது. 24/192 கோப்பைப் போட்டாலும் டாக்குக்குப் போவது 48தான். 44.1இல் இருக்கும் சிடி ஒலியையும் 48ஆக மாற்றிவிடும். ஆறு குழம்பை ஒரே அண்டாவில் ஊற்றிவிட்டு ஒன்றை மட்டும் தனியாகக் கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

விளக்குள்ள டாங்கிளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாதாரண மியூசிக் செயலியில் 16/44.1 கோப்பு ஒன்றையும் 24/192 கோப்பு ஒன்றையும் அடுத்தடுத்துப் போடுங்கள். விளக்கு நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். செயலியின் திரையில் மட்டும் '192' என்று பெருமையாக எழுதியிருக்கும். திரை காட்டுவது கோப்பின் எண், விளக்கு காட்டுவது டாக்குக்கு வந்து சேர்ந்த எண்.

இதைத் தாண்ட, யூஎஸ்பி டாக்கைத் தானே நேரடியாக ஓட்டும் செயலி வேண்டும். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ இதற்கென்றே எழுதப்பட்டது, காசு கொடுத்து வாங்க வேண்டும். ஹைபி மியூசிக் இலவசம், அதிலும் டாக்கைத் தனக்கென எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 14 முதல் அந்த இயங்குதளத்திலேயே இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் போன் நிறுவனமும் செயலி எழுதியவரும் இருவருமே அதைச் சேர்த்திருக்க வேண்டும் என்பதால், விளக்கு மாறுவதைப் பார்க்கும் வரை நம்பி உட்காராதீர்கள்.

யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோவில் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் மற்ற எல்லா மியூசிக் செயலிகளையும் மூடுங்கள். வேறொன்று டாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதற்குக் கிடைக்காது. டாங்கிளை மாட்டுங்கள். அனுமதி கேட்கும் பெட்டியில் ஒப்புக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் அவசரத்தில் ரத்து செய்துவிட்டுப் பிறகு 'வரவில்லையே' என்பவர்கள் ஏராளம். அப்படிச் செய்திருந்தால் கழற்றி மறுபடி மாட்டினால் பெட்டி திரும்ப வரும்.

பிறகு செட்டிங்ஸில் யூஎஸ்பி ஆடியோ பகுதிக்குப் போய் பிட்-பெர்ஃபெக்ட் முறையை இயக்குங்கள். கோப்பில் உள்ள பிட்டுகளை ஒன்றும் தொடாமல் அனுப்புவதே இதன் பொருள். ஈக்வலைசரும் இத்துடன் ஓய்வு பெறும். ஆனால் பாட்டை இயக்கும் முன் அடுத்த படியைப் படித்துவிடுங்கள், இது காது சம்பந்தப்பட்டது.

போனின் சொந்த ஒலி அலங்காரங்களையும் ஒரு கை பாருங்கள். டால்பி அட்மாஸ், சவுண்ட் என்ஹான்ஸர், காதுக்கேற்ப மாற்றும் அடாப்ட் சவுண்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நேரடியாக ஓட்டும் செயலியை அவை தொடாது. ஆனால் மற்ற செயலிகளில் ஒப்பிட்டுக் கேட்கும்போது குழப்பும்.

6. ஒலியளவு: இங்கே கவனம் தப்பக் கூடாது

பிட்-பெர்ஃபெக்ட் முறையில் மென்பொருள் ஒலியளவைக் குறைக்காது, குறைத்தால் பிட்டுகள் மாறிவிடுமே. டாங்கிளுக்கே உள்ளே ஒலியளவுக் கட்டுப்பாடு இருந்தால் செயலி அதைப் பயன்படுத்தும். இல்லையென்றால் முழு ஒலி நேராக ஹெட்போனுக்குப் பாயும். காதுக்குள் செருகும் இயர்போனாக இருந்தால் அது வலிக்கும் அளவு.

ஆகவே முதல் தடவை இயர்போனைக் காதில் வைக்காமல் மேசை மேல் வைத்துப் பாட்டை இயக்குங்கள். ஒரு முழம் தள்ளி இருந்தே பாட்டு தெளிவாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். செயலியில் ஹார்ட்வேர் வால்யூம் என்ற தேர்வு வேலை செய்கிறதா என்று பார்த்து, பாதிக்கும் கீழே இறக்கிவிட்டுக் காதில் வையுங்கள்.

ஹார்ட்வேர் வால்யூம் இல்லாத டாங்கிள் என்றால் பிட்-பெர்ஃபெக்டை அணைத்துவிட்டு மென்பொருள் வால்யூமையே பயன்படுத்துங்கள். தரம் போய்விடுமே என்று கலங்க வேண்டாம். ஒவ்வொரு 6 டெசிபல் குறைப்புக்கும் ஏறக்குறைய ஒரு பிட் செலவாகும். 24 பிட் பாதையில் நாலைந்து பிட் போனாலும் காதுக்குத் தெரியப்போவதில்லை.

7. சோதித்துப் பாருங்கள்

44.1, 96, 192 என்று மூன்று கோப்புகளை அடுத்தடுத்துப் போடுங்கள். மூன்றுக்கும் விளக்கின் நிறம் மாறினால் பாதை திறந்துவிட்டது. எந்த நிறம் எதற்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, பெட்டியில் உள்ள தாளில் பாருங்கள்.

96க்கு மேல் ஏறவே இல்லையென்றால் டாங்கிள் யூஏசி 1.0 என்ற பழைய யூஎஸ்பி ஆடியோ முறையில் இருக்கக்கூடும். விளையாட்டுக் கருவிகளுக்காகச் சில டாங்கிள்களில் இந்த முறையை வைத்திருக்கிறார்கள். அதன் எல்லை 24/96. பொத்தானை அழுத்தியபடி மாட்டுவது போன்ற வழியில் 2.0க்கு மாற்றலாம்.

எண் சரியானபின் காதுக்கு வேலை கொடுங்கள். காரைக்குடி பாணி வீணைப் பதிவு ஏதாவது நல்லதாக இருந்தால் அதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது. மீட்டு விழுந்தபின் நாதம் தேய்ந்து அடங்கும் வால்பகுதியைக் கவனியுங்கள். சுண்டுவிரல் தட்டும் தாளத் தந்தி, வாசிக்கும் தந்தியிலிருந்து பிரிந்து தனியாகக் கேட்கிறதா, தம்புரா அதன் பின்னால் தெரிகிறதா, மிருதங்கத்தின் தொப்பியில் கும்காரம் குழையாமல் வருகிறதா என்று பாருங்கள். எம்பி3யில் முதலில் அடிபடுவது அந்த வால்பகுதிதான்.

இரண்டு கோப்புகளை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருக்கட்டும். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் தரம் என்று மனம் சொல்லிவிடும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

8. ஐபோனும் ப்ளூடூத்தும்

ஐபோனில் கலவைத் தொல்லை கிடையாது. டாக்கை மாட்டினால் ஆப்பிள் மியூசிக் பாட்டுக்கேற்பச் சாம்பிள் ரேட்டைத் தானே மாற்றும். செட்டிங்ஸில் மியூசிக்கின் ஆடியோ குவாலிட்டிக்குப் போய் ஹை-ரெஸ் லாஸ்லெஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். டாக் இல்லாமல் 24/48 வரைதான். லைட்னிங் துளை உள்ள பழைய ஐபோனுக்கு ஆப்பிளின் கேமரா அடாப்டர் வேண்டும். ஃபிளாக் கோப்புகளை மியூசிக் செயலிக்குள் ஏற்ற முடியாது, ஆப்பிளின் இழப்பில்லாத வடிவமான ஆலாக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள் அல்லது வேறு செயலியில் போடுங்கள்.

டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 3 நிமிடப் பாட்டு 24/192இல் சுமார் 145 எம்பி இழுக்கும். நாளுக்கு 1.5 ஜிபி பேக்கில் பத்துப் பாட்டோடு கடை கட்டிவிடும். செட்டிநாட்டு வீட்டில் வளவு எனும் நடுமுற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போனால் அந்தச் சுண்ணாம்புச் சுவர்களுக்குள் சிக்னலே ஒரு கோடுதான். முகப்பில் இருந்தோ வைஃபையிலோ முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதுதான் நம் வீடுகளுக்குச் சரிப்படும்.

ப்ளூடூத்தில் முன்பு சொன்ன எண்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எஸ்பிசி விநாடிக்கு 328 கிலோபிட் அளவில் நிற்கும். ஆப்ட்எக்ஸ் எச்டி 576. எல்டாக் அதிகபட்சம் 990. சிடியின் 1,411ஐயே இதற்குள் சுருக்காமல் செலுத்த முடியாதபோது 4,608 எங்கே நுழையும்? எல்டாக் 24/96 என்று சொல்லிக்கொண்டாலும் இழப்புடன் சுருக்கித்தான் அனுப்புகிறது. கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் அது ஹை-ரெஸ் என்று சொல்லி விற்றால் சிரித்துவிட்டு வாங்குங்கள். ஐபோனில் எல்டாக்கே கிடையாது.

எல்டாக்கைப் பயன்படுத்துவதென்றால், ப்ளூடூத் பட்டியலில் ஹெட்போனின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அமைப்பில் அதை இயக்கி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தரத்தை 990க்கு வையுங்கள். தானாக மாறும்படி விட்டால் நெரிசலான இடத்தில் 330க்கு இறங்கிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு போன்களோடு இணையும் வசதியை இயக்கினால் சில ஹெட்போன்களில் எல்டாக் அணைந்துபோகும்.

9. ஹெட்போன்

ஹை-ரெஸ் முத்திரை ஒட்டிய ஹெட்போன் என்றால் 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று பொருள். நன்றாக ஒலிக்கும் என்று பொருள் இல்லை. முத்திரை இல்லாத நல்ல ஹெட்போன்கள் நிறைய இருக்கின்றன.

மின்தடை 16 முதல் 32 ஓம் வரையுள்ள இயர்போனை எந்த டாங்கிளும் ஓட்டும். சென்ஹைசர் எச்டி 600 போல 300 ஓம் உள்ளதற்கு மின்னழுத்தம் அதிகம் வேண்டும். சிறிய டாங்கிளில் போட்டால் ஒலி மெலிந்து, மிருதங்கம் டப்பா தட்டியதுபோல் கேட்கும். அப்படிப்பட்ட ஹெட்போன் இருந்தால் 2 வோல்ட் அல்லது அதற்கு மேல் தரும் டாங்கிளாகப் பாருங்கள்; 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளை உள்ளவை பெரும்பாலும் தரும். ஹெட்போன் கேபிளும் அதற்கேற்ற முனையோடு இருக்க வேண்டும் என்பதை மறந்து துளையைப் பார்த்து வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

இயர்போனின் ரப்பர் முனை காதுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் கீழ்ஸ்தாயி முழுக்க வெளியே போய்விடும். பெட்டியில் மூன்று அளவு கொடுத்திருப்பார்கள், மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு வேண்டும் என்ற கட்டாயமில்லை. செலவில்லாத இந்த மாற்றம், 96க்கும் 192க்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பத்து மடங்கு தெரியும்.

ஸ்பீக்கரில் கேட்பதென்றால் இடத்தைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் தரையும் முட்டை வெள்ளைக்கரு பூசிய வழவழச் சுவரும் ஒலியை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அடிக்கும். பட்டாலை எனும் கூடத்தில் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், வால் நீண்டு வரும். அந்த வால் வீணையின் வாலை விழுங்கிவிடும். மெத்தை, ஜமுக்காளம், துணி பீரோ உள்ள சின்ன அறைதான் இதற்கு நல்லது. பல்லவன் ரயிலில் சென்னை போகும்போது கேட்பதற்கும் இதே கதைதான், வேறு வடிவில்: பெட்டியின் இரைச்சலில் 24 பிட்டின் நுணுக்கம் ஒன்றும் எஞ்சாது. பயணத்துக்கு எல்டாக்கும் இரைச்சல் தடுக்கும் ஹெட்போனும் எடுத்துப் போங்கள், டாங்கிளை வீட்டில் வையுங்கள்.

10. பாட்டு நின்றால், இரைந்தால், சுட்டால்

ஐந்து நிமிடத்தில் பாட்டு தானே நின்றால் போனின் பேட்டரிச் சிக்கனம் செயலியைக் கொன்றுவிடுகிறது. செயலியின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாடு இல்லை என்று வையுங்கள். ஷாவ்மியில் ஆட்டோ ஸ்டார்ட்டையும் இயக்குங்கள்.

டிக் டிக் என்று இடையிடையே சத்தம் வந்தால் முதலில் கேபிளை அசைத்துப் பாருங்கள். அசைவுக்குச் சத்தம் வந்தால் முனை தளர்ந்திருக்கிறது. அசைக்காமலும் வந்தால் செயலியில் யூஎஸ்பி பஃபரைக் கூட்டுங்கள். 192இல் மட்டும் வந்து 96இல் வராவிட்டால் மெமரி கார்டு மெதுவானதாக இருக்கலாம். அதே கோப்பைப் போனின் உள்நினைவகத்துக்கு மாற்றிக் கேட்டால் தெரிந்துவிடும்.

அழைப்பு வந்தால் மணி ஹெட்போனில் கேட்காமல் போனிலேயே அடிக்கும். கோளாறு இல்லை. டாக்கைச் செயலி தனக்கென எடுத்துக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. செயலியை மூடியபின்னும் மற்றவற்றுக்கு ஒலி வராவிட்டால் டாங்கிளைக் கழற்றி மாட்டுங்கள்.

தனக்கென பேட்டரி உள்ள டாக்கை மாட்டும்போது சில சமயம் போன் அதிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளப் பார்க்கும், பாட்டு வராது. யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, கட்டுப்படுத்துவது 'இந்தச் சாதனம்' என்று மாற்றுங்கள்.

டாங்கிள் வெதுவெதுப்பாவது இயல்பு. சித்திரை வெயிலில் கொஞ்சம் கூடவே சுடும். கை வைக்க முடியாத அளவு சுட்டால் கழற்றிவிடுங்கள். கேட்டு முடித்ததும் போனிலிருந்து எடுத்துவிடும் பழக்கமும் நல்லது. பாட்டு ஓடாதபோதும் டாங்கிள் பேட்டரியைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும், காலையில் போன் அணைந்து கிடக்கும்.